உள்ளே ஆள் இருந்தால் கத்தும்

வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டும் தொழிலில் எனக்குப் பதினொரு வருடம் ஆகிறது. இதுவரை திருடனால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. தொல்லையெல்லாம் வீட்டுக்காரர்களால்தான். சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும், குடும்பம் மொத்தமும் பின்னால் வந்து நின்று அங்கே வேண்டாம், இங்கே வை என்று ஆரம்பித்துவிடும்.

லீபா ஊரில் பூரிங் அக்கா வீட்டுக்குப் போன அன்று அப்படி யாரும் பின்னால் வரவில்லை. அக்காதான் எனக்கு முன்னால் நடந்தார். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், தம்பி டாமியன் குடும்பத்தோடு இருப்பவர். இரண்டு பன்றிகளை விற்று அந்தக் காசில் என்னை அழைத்திருந்தார்.

"முன்கதவுல அலாரக் காந்தம் வைக்கறதுன்னா வை. ஆனா திருடன் அந்தப் பக்கம் வரமாட்டான் தம்பி. அங்க நாய் படுத்திருக்கு."

"கடிக்குமா?"

"கடிக்காது. தடுக்கி விழுவான்."

சமையலறை ஜன்னல்தான் வழி என்றார். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் இருப்பதுதான், கண்ணாடிப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஜன்னல். நான் நம்பாமல் பார்த்ததும் அக்கா வெளியே போனார். ஐந்து பட்டைகளைச் சத்தமில்லாமல் உருவிக் கீழே வைத்தார். வீட்டுக் கவுனைச் சுருட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு காலை ஊன்றி உள்ளே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எங்க கத்துக்கிட்டீங்கக்கா இதையெல்லாம்?"

"நான் திருடனா இருந்தா எப்படி வருவேன்னு இருபத்தாறு வருஷமா உட்கார்ந்து யோசிச்சிருக்கேன். வேற என்ன வேலை எனக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பிப் போகும் வழக்கம் கிடையாது. யாராவது ஒருவர் காவலுக்கு இருக்க வேண்டும் என்பார்கள். அந்த யாராவது ஒருவர் எந்த வீட்டிலும் எப்போதும் ஒரே ஆள்தான்.

கதவு திறந்தால் காந்தம் பிரியும், அலாரம் கத்தும். பட்டை ஜன்னலில் அந்தக் கதை நடக்காது, ஏனென்றால் அதில் திறந்து மூடும் கதவே இல்லை. அதனால் சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் இரண்டு கண்களை மூலையில் வைப்பதாகப் படம் போட்டேன். வயரை உட்கூரைக்கு மேலே கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே அலாரப் பெட்டியில் இறக்க வேண்டும். கூடத்து மூலையில் டாமியனின் சண்டைச் சேவல் ஒன்று கூண்டுக்குள் இருந்தது.

"அக்கா, இது அசைஞ்சா இதையும் திருடன்னுதான் நினைக்கும்."

"நினைக்கட்டும். அது திங்கற தீவனத்தைப் பார்த்தா நானும் அப்படித்தான் நினைக்கறேன். வெளிய மாத்திடலாம்."

எப்போது வேலை முடிய வேண்டும் என்று கேட்டேன்.

"இருபதாம் தேதி மலை மேல பாகியோல ஜெனலினுக்குக் கல்யாணம். என் தம்பி பொண்ணு. தூக்கி வளர்த்தது நான். அதுக்கு முன்னாடி முடிச்சிடு. இந்தப் பெட்டி இல்லேன்னா என்னால போக முடியாது."

"இதுவரைக்கும் எதுக்குமே போனதில்லையா?"

"எங்கப்பாவை அடக்கம் பண்ணப்போ நான் இங்கதான் உள்ள உட்கார்ந்திருந்தேன். சாவு வீடுன்னா காலியா இருக்கும்னு திருடனுக்குத் தெரியுமாம்."

குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். இந்த வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் டாமியனும் அவர் மனைவி லெத்தியும் சந்தையிலிருந்து வந்தார்கள். படத்தை மேஜைமேல் விரித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு விலையில பெட்டி வாங்கி மாட்டிட்டு, அதைத் தனியா விட்டுட்டு எல்லாரும் போறதா?" என்றாள் லெத்தி.

"அதானே. பெட்டியைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்ல," என்றார் டாமியன்.

"அதைத் தொட்டாலே அது கத்தும்ங்க," என்றேன்.

"கத்தினா யாரு கேப்பா? வீட்லதான் ஆள் இல்லையே," என்றாள் லெத்தி.

இருவரும் பழக்க தோஷத்தில் பூரிங் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உள்ள ஆள் இருக்கும்போது இதைப் போட முடியாதா?" என்று டாமியன் கேட்டார்.

தொழில் தெரிந்தவனிடம் கேள்வி கேட்டால் அவனுக்கு வாய் நிற்காது. முடியும், அதற்கு வேறு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்கள் மூடிக்கொள்ளும், கதவுகள் மட்டும் காவல் காக்கும், ஆள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். முடிக்கும்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. டாமியன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பார்த்தியா அக்கா, இனிமே நீ தனியா இருக்கப் பயமே இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே அக்காவுக்காகச் சந்தோஷப்பட்டார், அதுதான் கொடுமை. என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

பூரிங் அக்கா படத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பொத்தானை எடுத்துடு."

"எடுக்க வராதுக்கா. வேலை செய்யாம பண்ணிடலாம்."

"பண்ணு."

"அப்போ ராத்திரி நாம தூங்கறப்போ?" என்றாள் லெத்தி.

"ராத்திரி இந்த வீட்ல ஒம்போது பேர் படுத்திருக்கோம். திருடன் வந்தா நிக்க இடம் தேடணும்."

டாமியன் என்னிடம் திரும்பினார். "அது வேலை செய்யலேன்னா, போட்டப்புறம் உள்ள யாராவது இருந்தா என்ன ஆகும்?"

"ரகசிய நம்பரை அழுத்தினதும் ஒரு நிமிஷம் டைம் கொடுக்கும். அதுக்குள்ள எல்லாரும் வெளிய போயிடணும். உள்ள ஆள் இருந்தா கத்தும். தெரு முழுக்கக் கேக்கும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

லெத்தி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"இல்லக்கா, கல்யாணத்துக்குப் போற வேன்ல பதினாலு சீட்டுதான். பதினாலு பேரை எண்ணி, பேரெல்லாம் எழுதிக் கொடுத்தாச்சு."

அந்தப் பதினாலில் பூரிங் என்ற பெயர் இல்லை. எழுதும்போது யாருக்கும் அது தோன்றவே இல்லை. டாமியனுக்கு அது அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும். மேஜையைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் பஸ்ல வர்றேன் அக்கா. நீ வேன்ல போ."

"நீ பொண்ணுக்கு அப்பன்டா. நீ முன்னாடி போய் நிக்கணும். நான் முந்தின நாளே பஸ் ஏறிடறேன்."

"அப்போ அந்த ஒரு நாள் வீட்டை யாரு பார்த்துப்பா?" என்றார் டாமியன்.

"நீங்க பதினாலு பேர் இருக்கீங்களேடா," என்றார் அக்கா.

அதன்பின் என் பக்கம் திரும்பி, பாகியோவில் ரொம்பக் குளிருமாமே, ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார்.