ஆறாவது அலை

மாலை நாலேகால் மணிக்கு, ஆறாவது அலையாக ஆட வேண்டியவள் அரங்கத்தின் பின்படியில் கால் பிசகி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வீங்கியது. இருட்டத் தொடங்கியதும் நாடகம்.

கலங்கரை விளக்கில் தனியாக வேலை பார்க்கும் ஒருவனைப் பற்றிய கதை அது. கடல் இல்லாமல் நகராது. எட்டுப் பெண்கள் நீல உடுப்பில் கடலாக ஆடினார்கள். இயக்கியவர் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் மேடம். ஏழு பேரை வைத்து ஒப்பேற்றிவிடலாமா என்று விரல் மடக்கிப் பார்த்தார். அலைகள் ஜோடி ஜோடியாக மோதி விலக வேண்டும். கணக்கு உதைத்தது.

"கண்ணாடியப் போடுங்க மேடம்" என்று அடிபட்டவளே சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவளுக்கு எல்லாம் தெரியும்."

"தெரியும்" என்றாள் முன்வரிசையில் ஆடும் லீடர். "எல்லாம் இடம் வலமாத் தெரியும்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கண்ணாடியும் சிரித்து வைத்தாள்.

கண்ணாடி என்பது அவர்கள் வைத்த பெயர். ஒத்திகை நடப்பது டேபிள் டென்னிஸ் அறையில். மேஜையை மடக்கிச் சுவரோரம் தள்ளிவிட்டால் எட்டுப் பேர் ஆட இடம் கிடைக்கும். ஆனால் ஆடுகிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு கண்ணாடி கிடையாது. முதல் வருடத்தில் ஒருநாள் மேடம் அவளை வரிசையிலிருந்து இழுத்து எல்லோருக்கும் எதிரே நிறுத்தினார். அவர்கள் வலது கையைத் தூக்கினால் இவள் இடது கையைத் தூக்க வேண்டும். இவளைப் பார்த்து அவர்கள் தங்களைச் சரிசெய்துகொள்வார்கள். அவள் அதைச் சுத்தமாகச் செய்தாள். அதுவே வினையாகப் போயிற்று. ஒரு நாளைக்கென்று நின்றவள் மூன்று வருடமாக அங்கேயே நின்றாள். எல்லா நாடகத்திலும் எல்லா அடியும் அவளுக்கு மனப்பாடம். மேடை ஏறும் நாளில் மட்டும் வேலை இல்லை. அவர்கள் எட்டுப் பேரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். அவள் பார்த்த திசையில் அவளோடு சேர்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அப்பாவிடம் ஆடுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். முழுப் பொய் இல்லை. தினமும் ஆடத்தானே செய்தாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊரில், அம்மா போன பிறகு ஒரே அறையாகச் சுருங்கிவிட்ட வீட்டில் இருந்தார். வருடா வருடம் வருகிறேன் என்பார். அன்றைக்கென்று பார்த்து எந்தக் கட்டிடத்திலாவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள். இந்த வருடம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். காலையில் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டு, மேடையில் எந்தப் பக்கம் நிற்பாய், அந்தப் பக்கமாக உட்காருகிறேன் என்றார். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். போனை வைத்ததிலிருந்து ஒரு காய்ச்சலைத் தயார்செய்துகொண்டிருந்தாள்.

ஆகவே ஆறாவது அலை படியில் உட்கார்ந்தபோது அவளுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. வந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் ஐஸ் வாங்கிவந்தாள்.

மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார். உடுப்பு சேருமா என்று மட்டும் கேட்டார்.

உடுப்பு தோளில் தொளதொளவென்று இருந்தது. ஊக்கு குத்தினார்கள். மேடையில் பாதி ஆட்டம்வரை ஓட்டிப் பார்த்தார்கள். முதல் மோதலிலேயே அவள் தப்பான பக்கம் போய் ஐந்தாவது அலையின் மீது இடித்தாள். பாத்து, கண்ணாடி உடைஞ்சிடப்போவுது என்றாள் ஐந்தாவது அலை. இரண்டாம் முறையும் இடித்தாள். இந்தமுறை ஐந்தாவது அலை தோளைத் தேய்த்துக்கொண்டாள். அதற்குள் விளக்குப் போடுகிறவர் ஏணியோடு வந்து நின்றார். இப்போது மேடையைக் கொடுத்தால் விளக்கு, இல்லாவிட்டால் கடல் இருட்டில்தான் ஆட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள். மீதி ஆட்டத்தை லீடர் வாயாலேயே முடித்துவிட்டாள். தினமும் நீ பார்ப்பதுதான், புதிதாக ஒன்றுமில்லை, கை காலை மட்டும் மாற்றிக்கொள் என்றாள்.

உடுப்பு மாற்றும் அறையில் அவள் தலைமுடி ரப்பரை வலது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். எங்கெல்லாம் இடது என்று உடம்பு சொல்கிறதோ அங்கெல்லாம் ரப்பர் உள்ள கை. சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் ஆடினாள். சத்தமில்லாமல் ஆட அவளுக்குப் பழக்கம் உண்டு. தங்கியிருந்த அறையில் கூட இருந்தவள் நர்ஸ், இரவு டூட்டி. இவள் அறையில் இருக்கும் நேரமெல்லாம் அவள் போர்வைக்குள் இருப்பாள். ஒரு வருடத்தில் அவள் குரலைவிடக் குறட்டைதான் பழகியிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு வழிக்கு வந்தது. தானாக வலது வரத் தொடங்கியபோது அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள். கண்மை கரையும்.

திரை விலகியது. முதல் மோதல் சரியாக வந்தது. ஐந்தாவது அலை அவளைத் தொட்டும் தொடாமலும் விலகிப் போனாள். இரண்டாவதும் சரி. அவள் ரப்பரை மறந்தாள். இடப்பக்கம் ஒருத்தி மூச்சு, வலப்பக்கம் ஒருத்தி மூச்சு. எட்டுப் பேரின் கால்களும் பலகையில் ஒன்றாக விழுந்தன. அந்தச் சத்தத்தை அவள் இத்தனை நாளும் எதிரிலிருந்துதான் கேட்டிருந்தாள். இப்போது அது அவள் காலுக்கடியிலும் இருந்தது. மூன்று வருடம் இதற்குத்தான் என்றால் போகட்டும் என்று நினைத்தாள்.

பிறகு கடல் உள்வாங்கும் இடம் வந்தது. கலங்கரை விளக்குக்காரன் தனியாக மேலே நிற்க, அலைகள் சபைக்கு முதுகு காட்டித் திரும்பி, கைகளை விரித்து, எட்டு எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். ஒத்திகையில் அந்த எட்டு எண்ணிக்கைக்கும் கண்ணாடிக்கு ஆட்டம் கிடையாது. திரும்பி நிற்பவர்கள் எதிரே இருப்பவளைப் பார்க்க முடியாதே. அவள் நின்ற இடத்தில் நின்று, எட்டு முதுகுகளையும் பார்த்தபடி வாய்விட்டு எண்ணுவாள். யார் கையாவது தொங்கினால் விரலை நீட்டி, தூக்கு என்பாள். அங்கே இடதும் இல்லை, வலதும் இல்லை. மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் அந்த இடத்தை யாரும் நினைக்கவில்லை. அவளும்தான்.

ஏழு பேர் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. நின்ற இடத்தில் நின்று எண்ணத் தொடங்கினாள். மூன்று என்று உதடு அசைந்தபோதுதான் எதிரே முதுகுகள் இல்லை என்பது உறைத்தது. இருட்டில் வரிசை வரிசையாக முகங்கள் இருந்தன. விரல் பாதி நீண்டிருந்தது. இப்போது திரும்பினால் ஒரு தப்பு இரண்டாகும். அவள் அப்படியே நின்றாள். எட்டு வர வெகுநேரம் ஆயிற்று.

உள்ளே வந்ததும் யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மேடம் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கிக்கொண்டு, சரி விடு என்றார். அதை அவளைப் பார்க்காமல் சொன்னார். லீடர்தான் கேட்டாள்.

"எல்லாரும் திரும்பினா நீயும் திரும்பணும்னு உனக்குத் தனியாச் சொல்லணுமா?"

அடிபட்டவள் ஓரத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அது அவள் இடம். போட்டோ எடுக்க வேண்டும் என்று அவளுக்கு அந்த உடுப்பைத் திருப்பிக் கேட்டார்கள். கண்ணாடி கழற்றிக் கொடுத்தாள். அடிபட்டவளை நடுவில் நாற்காலியோடு வைத்துச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். யாரோ ஒருத்தி செல்போனைக் கண்ணாடியின் கையில் கொடுத்தாள். எட்டுப் பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கை ஆடாமல் எடுத்தாள். இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள்.

அப்பா வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகத் தோள்பையோடு நின்றிருந்தார். சலவைச் சட்டை. விரலிடுக்கில் எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் கறை. நேரம் போகாமல் நூலகக் கட்டிடத்து லிஃப்டில் மேலும் கீழும் இரண்டு முறை போய் வந்ததாகச் சொன்னார். மூன்றாவது மாடியில் ஒரு பிடி பிடித்துத்தான் நிற்கிறது, பிரேக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றார். சாப்பிட்டாயா என்றார். இளைத்துவிட்டாய் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவுசெய்திருந்தாள். காய்ச்சலைச் சொல்வதைவிட அது கஷ்டமாக இருக்காது. முதல் வார்த்தை எதுவென்று தேடினாள்.

அப்பா அவளை நிறுத்தி, இரண்டு தோளையும் பிடித்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி முகத்தைப் பார்த்தார்.

"எல்லாப் பொண்ணுங்களும் முதுகக் காட்டிட்டு நிக்கும்போது நீ மட்டும் எங்களப் பாத்துட்டு நின்னியேம்மா. கைய வேற நீட்டின. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னேன், அதுதான் எம் பொண்ணுன்னு. அவ்வளவு பெரிய வேஷத்த உனக்குக் குடுக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தோணுச்சு?"