சொல்றவ முஸ்னா

"மப்ரூக்," என்று கூடத்திலிருந்து வாப்பா அவத்தின் குரல் வந்தது. மப்ரூக் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சுறாக் கருவாட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூப்பிட்டது அவனை இல்லை என்று அவனுக்குத் தெரியும். அடுக்களையில் அவன் தங்கை முஸ்னாதான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஸெய்யூன் ஊரில் விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டுப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆம்பளை கிடையாது. மகன் பேரைச் சொல்லிக் குரல் கொடுப்பான். பெண்கள் புரிந்துகொண்டு ஓடிவர வேண்டும். தண்ணீருக்கும் மப்ரூக், தேநீருக்கும் மப்ரூக். ஆனால் இன்றைக்கு விருந்தாளி ஒருவரும் இல்லை. தேன்கடையைப் பாதி நாளில் சாத்திவிட்டு வந்திருக்கும் வாப்பா, சொந்த மகளை இப்படிக் கூப்பிட்டதும் முஸ்னா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கடையில ஆளுங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க," என்றார் அவத், தட்டைப் பார்த்தபடியே. "அந்த அரிசிக்கடைக்காரன் வந்து பல்ல இளிச்சுக்கிட்டுச் சொல்றான், 'மாணவர் கவிதைப் போட்டியில உங்க முஸ்னாவுக்குத்தான் முதல் பரிசாமே'ன்னு. உங்க முஸ்னாவாம். என் பொண்ணு பேரு அவன் வாயில எப்படி வந்துச்சு?"

"பரிசு கிடைச்சிருக்குன்னு சந்தோஷப்படாம..." என்று உம்மா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு."

உம்மா சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவள் பேர் இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. மப்ரூக் சின்ன வகுப்பில் படித்தபோது எந்தப் பயலோ அதை எப்படியோ தெரிந்துகொண்டு தெருமுனையில் நின்று கத்தினான். மப்ரூக் அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தான். அன்றைக்கு வாப்பா கடையிலேயே உசத்தியான தேனில் ஒரு புட்டி எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

"முதல் அடியில பேர் வெக்கணும்னு பாசுவைத் சார்தான் சொல்லிக் குடுத்தாரு வாப்பா," என்றாள் முஸ்னா.

அது உண்மைதான். பள்ளத்தாக்குக் கவிதைக் கழகத்தின் செயலாளர் பாசுவைத், பெண்கள் பள்ளியில் பட்டறை நடத்த வாராவாரம் வந்தார். குறுக்கே ஒரு திரையைக் கட்டி, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் மாணவிகள். 'இன்னார் சொல்கிறேன் என்று முதல் அடியிலேயே பேரைப் போடு. பேர் போடாத பாட்டை நான் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டேன்' என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னவர் அவர். மற்றப் பெண்கள் இன்னாரின் மகள் என்றும் இன்னாரின் தங்கை என்றும் எழுதினார்கள். முஸ்னா தன் பேரை எழுதினாள்.

"பாசுவைத்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு மேடையில மப்ரூக் படிப்பான். அவன் எழுதினதாவே படிப்பான். முதல் அடியில உன் பேரை எடுத்துட்டு அவன் பேரை வெச்சுக் குடு."

"சார் ஒத்துக்கிட்டாரா?"

"யோசனையே அவரோடதுதான்."

முஸ்னாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனுஷன் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னவெல்லாம் பேசினார்.

"பேரை மாத்தினா பாட்டு நொண்டும் வாப்பா."

"நொண்டட்டும். குடும்பம் நொண்டாம இருந்தாப் போதும். இன்னொன்னும் கேட்டுக்க. நாளைக்கு அந்த மண்டபத்துல உன் பேரு யாரு வாயிலயாவது வந்துச்சுன்னா, அதோட உனக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சுது."

அந்தப் பாட்டு இப்படித்தான் தொடங்கும்:

*சொல்றவ முஸ்னா,*
*கேளுங்க, காது இருக்குன்னா.*
*எதுக்கு இந்தக் கிணறு, கயிறு எட்டலன்னா?*
*எதுக்கு இந்த ஜன்னல், திறக்கக் கூடாதுன்னா?*

கடைசி அடி வரைக்கும் எல்லா அடியும் அந்த 'னா' ஓசையில்தான் போய் முடியும். அவள் பேரிலிருந்துதான் அந்த ஓசையே பிறந்தது. அதை எடுத்துவிட்டால் முதல் அடி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அன்று சாயங்காலம் மாடியில் நின்று மப்ரூக் மனப்பாடம் செய்தான். துணி எடுக்க வந்த முஸ்னா நின்று கேட்டாள்.

"சொல்றவன் மப்ரூக், கேளுங்க, காது இருக்குன்னா..." அவனே முகத்தைச் சுளித்தான். "கேவலமா இருக்குடி."

"வாப்பாகிட்ட சொல்லேன், என்னால முடியாதுன்னு."

"என்னைய என்ன பண்ணுவாருன்னு தெரியும்ல?"

"உன்னைய ஒண்ணும் பண்ணமாட்டாரு. என் பள்ளிக்கூடம்தான் போகும்." அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணே, அன்னைக்கு அந்தப் பையன எதுக்கு அடிச்சே? உம்மா பேர்ல அப்படி என்ன அசிங்கம் இருந்துச்சு?"

அவன் கையிலிருந்த தாளை மடித்தான். "தெரியல. எல்லாப் பயலும் அடிப்பான். நானும் அடிச்சேன்," என்றான்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. கீழே ஆண்கள். மேலே மாடத்தில், மரச்சல்லடைத் தடுப்புக்குப் பின்னால் பெண்கள். முஸ்னா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சல்லடையில் கண்ணை வைத்திருந்தாள். முன் வரிசையில் புதுக் கைலியும் சால்வையுமாக வாப்பா உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

கவிதை என்றால் உயிரை விடுகிற ஊர் அது. புலவன் ஓர் அடியை முடித்தால் அதன் கடைசிச் சொல்லைச் சபை முழுக்க ஒரே வாயாகத் திருப்பிச் சொல்லும். அடி சரியாக விழவில்லை என்றால் 'திரும்பச் சொல்லு' என்று கத்தும். சரியாக விழுகிற வரைக்கும் மேலே போக விடாது. மேடையில் நிற்பவன் மந்திரி மகனாக இருந்தாலும் இதுதான் கதி.

மப்ரூக் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"சொல்றவன் மப்ரூக், கேளுங்க, காது இருக்குன்னா."

சபை வாயைத் திறந்தது, ஓசை ஒட்டாமல் போகவே திருப்பிச் சொல்லாமல் மூடியது. பின் வரிசையிலிருந்து ஒரு கிழவர், "அடி நொண்டுது தம்பி, திரும்பச் சொல்லு," என்றார்.

அவன் திரும்பச் சொன்னான். அதே நொண்டல். இப்போது பல பேர் கத்தினார்கள். எவனோ சிரித்தான். முஸ்னாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ராப்பகலாக உட்கார்ந்து இழைத்த பாட்டு. அதைக் கேட்டு இவர்கள் சிரிக்கிறார்கள். பேர் போனால் போகட்டும் என்று நேற்று இரவு மனசைத் தேற்றிக்கொண்டவளுக்கு இந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு," என்றது மண்டபம்.

மப்ரூக் முன் வரிசையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி மரச்சல்லடையைப் பார்த்தான். உம்மாவின் கை முஸ்னாவின் கையை நெரித்தது.

"சொல்றவ முஸ்னா," என்றான் மப்ரூக்.

"முஸ்னா," என்றது மண்டபம்.

அத்தனை ஆம்பளைகளும் சொன்னார்கள். அரிசிக்கடைக்காரன் சொன்னான், பின் வரிசைக் கிழவர் சொன்னார், மேடையிலிருந்த பாசுவைத்தும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். சல்லடை வழியாக முஸ்னா வாப்பாவைத்தான் பார்த்தாள். சொக்கிப்போய் ஆடிய அவர் தலை திடீரென்று நின்றது. சபையிலும் ஒரு நொடி சலசலப்பு எழுந்தது. ஆனால் மப்ரூக் நிற்கவில்லை. கிணறு வந்தது, கயிறு வந்தது, ஜன்னல் வந்தது. ஒவ்வோர் அடியும் பளிச்சென்று விழ, சபை எல்லாவற்றையும் மறந்து அவனோடு போனது.

பரிசுக்குரிய பேரைப் பாசுவைத் உரக்க வாசித்தார். "அவத் மகன் மப்ரூக்."

வீட்டுக்கு வந்ததும் அவத் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாளையிலேர்ந்து அவ பள்ளிக்கூடம் போக வேணாம். சொன்னேன்ல? சொன்னபடிதான்," என்றார் உம்மாவிடம்.

"நான் ஒரு தடவ சொன்னேன் வாப்பா," என்றான் மப்ரூக். "மீதியெல்லாம் சபை சொன்னது. முன் வரிசையில நீங்களும்தான் சொன்னீங்க."

"நானா?"

"தலைய ஆட்டிக்கிட்டுச் சொன்னீங்க."

அதற்குள் கதவு தட்டப்பட்டது. பாசுவைத்தும் கழகத்து ஆட்கள் சிலரும் வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார்கள். பெண்கள் அடுக்களைக்குள் போனார்கள். கூடத்துப் பேச்சு சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

"என்ன புள்ள பெத்திருக்கீங்க அவத். ஆரம்பத்துல கொஞ்சம் தடுமாறினாலும் புடிச்சுட்டான்ல," என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"அந்தப் பேரைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க," என்றார் பாசுவைத். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அது சும்மா கற்பனை, கவிஞர்கள் அழகுக்காக ஒரு பொண்ணு பேரை வெச்சுக்குவாங்க, அப்படி ஒரு பொண்ணே கிடையாதுன்னு."

உம்மா அடுப்பை அணைத்தாள். அந்தக் கிடையாத பொண்ணு, கொதிக்கிற தேநீரைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மப்ரூக், தேநீர்," என்று அவத் குரல் கொடுத்தார். மப்ரூக் அவர் பக்கத்திலேயேதான் இருந்தான்.

முஸ்னா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். தட்டை வாசற்படியில் வைத்து, கதவை லேசாகத் தட்டிவிட்டு வந்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். அவள் வைக்கவில்லை.

"மப்ரூக்," என்றார் அவத் மறுபடியும், கொஞ்சம் உரக்க. மப்ரூக் எழுந்திருக்கவில்லை.

"அடி நொண்டுது வாப்பா," என்றாள் முஸ்னா, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற குரலில். "திரும்பச் சொல்லுங்க."

அவள் தட்டோடு அங்கேயே நின்றாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.