பீடி அணையும் வரை

இந்த ஆளு பொய் சொல்லுது. உனக்குத் தெரியும். நீ சொல்லலைன்னா அந்த மெஷினு சொல்லிடும், அப்போ ரெண்டு பேருக்கும் அசிங்கம். வாயத் தொறடி. அம்மு தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டாள். பக்கத்து ஸ்டூலில் அவள் புருஷன் ஜெயவேல், இடது காலைத் தூக்கி வலது தொடைமேல் வைத்துக்கொண்டு, "வுட்டுட்டேன் மேடம். தொடறதே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெருவிரலின் நுனி கறுத்து, உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கியிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் புகைப்பதை நிறுத்த உதவி கேட்டு வருகிறவர்களுக்கான அறை அது. ஆலோசகர் கரோலின் சின்னப் பெண். மூச்சில் புகை இருந்தால் காட்டிக்கொடுக்கும் சிறிய கருவியொன்றை அவனிடம் நீட்டினாள்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சு, மெதுவா ஊதுங்கண்ணா."

ஊதினான். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கரோலின் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அம்முவுக்குத் தோன்றியது.

"மாத்திரை போடறீங்களா?"

"போடுது மேடம். நாந்தான் கஞ்சி குடுத்துக் குடுக்கறேன்" என்றாள் அம்மு. அது பொய்யில்லை.

"அப்புறம் ஏன்ணா? பெரிய டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? ஒண்ணு ரெண்டுன்னாலும் ரத்தக்குழாய் அடைச்சுக்கும். விரலோட நிக்காது. முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்."

ஜெயவேல் சுவரைப் பார்த்தான்.

"வூட்ல குடிக்கறதில்ல மேடம்" என்றாள் அம்மு. "வேலைல தான்."

"வேலைல மட்டும் எதுக்கு?"

"குந்தறதுக்கு."

கரோலினுக்குப் புரியவில்லை. அம்மு சொன்னாள். விம்கோ நகர் பக்கம் பருப்பு கோடவுன். அவன் மூட்டை தூக்குகிறான், அவள் சிந்தினதைக் கூட்டுகிறாள். பீடி பற்ற வைத்தவன் காம்பவுண்டு சுவரோரம் போய் உட்காரலாம். அது அணையும்வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். யார் வைத்த சட்டமோ, அவர்கள் வேலைக்குச் சேரும்போதே இருந்தது.

"பீடி குடிக்காதவங்க?"

"தண்ணி குடிச்சிட்டுத் தூக்கிகினே கீறாங்க."

"நாலு நடை போனா கெண்டைக்கால் பிச்சிகினு போவுது மேடம்" என்றான் ஜெயவேல். முதல் தடவையாக அவன் குரலில் பொய் இல்லை. "சித்த குந்தினா வுட்டுடும்."

"வேற வேலை..." என்று ஆரம்பித்த கரோலின் நிறுத்திக்கொண்டாள். "வலிக்கும்போது உக்கார விடுவாங்களான்னு கேட்டுப் பாருங்கக்கா" என்று மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் முதல் லாரி காலியானதும் அம்மு மேஸ்திரி அசோகனிடம் போனாள்.

"அண்ணே, அது பீடிய வுட்டுச்சி. கால் வலிச்சா சித்த குந்திக்கட்டும்ணே."

"குந்தட்டும். எம்மா நேரம்?"

"வலி வுடற வரைக்கும்."

"அது எனக்கு எப்டிமா தெரியும்? பீடின்னா அணைஞ்சா எந்திரிப்பான். வலி அணைஞ்சிதா இல்லியான்னு நான் இன்னா ஊதியா பாக்கறது?"

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். அசோகனும் சிரித்தான், பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கி இவன் காலுன்னுவான், நாளைக்கு பாரி முதுவுன்னுவான். மொதலாளி அண்ணாச்சி வண்ணாரப்பேட்டைல குந்திகினு கேமராவுல பாக்கறாரு. கைல பீடி இருந்தா ஒண்ணும் கேக்க மாட்டாரு. சும்மா குந்தினா அடுத்த நிமிசம் எனக்குப் போனு." யோசித்தான். "ஒண்ணு பண்ணு. பத்த வச்சிக் கைல புட்சிக்கட்டும். இழுக்க வாணாம்."

இது ஏன் தனக்குத் தோன்றாமல் போயிற்று என்று அம்மு வியந்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூட்டைக்காரன் பாரிதான் பற்றவைத்துக் கொடுத்தான். "இந்தா மாமு, சாமிக்குக் காட்ற மாரி காட்டிகினு குந்து." ஜெயவேல் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, பீடியைத் தள்ளிப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மு பக்கத்திலேயே கூட்டிக்கொண்டிருந்தாள். கண் பருப்பின் மேல் இல்லை. சிவந்த நுனியின் மேல் இருந்தது. அணையாதே, அணையாதே. எத்தனை பீடியை அவன் வாயிலிருந்து பிடுங்கி எறிந்திருப்பாள்.

இழுக்காத பீடி கனன்று நிற்காது. நுனி சாம்பல் பூத்து, புகை ஒரு நூலாகி, அதுவும் அறுந்தது. அவன் பாதம் இன்னும் ரத்தம் ஓடாமல் வெளுத்துத்தான் கிடந்தது.

"இன்னா ஜெயவேலு, அணைஞ்சிடுச்சா?" லாரிப் பலகையிலிருந்து அசோகன் கேட்டான்.

ஜெயவேல் அம்முவிடம் கை நீட்டினான்.

"தீப்பெட்டி குடு."

காலையில் அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தது அவள் இடுப்பில் செருகியிருந்தது.

"ரெண்டே இழுப்பு, அம்மு. நெருப்பு புட்சிகினாப் போதும், அப்புறம் தொட மாட்டேன். கால ஊன முடியல, சத்தியமா."

அவள் கை இடுப்புக்குப் போனது. கொடுத்தால் உட்காருவான். எத்தனை தடவை உட்கார்ந்தால் எவ்வளவு கால் போகும்? கொடுக்காவிட்டால் எழுந்து தூக்குவான். தூக்கினாலும் அதே கால்தான். பெட்டி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"குடுத்துத் தொலைம்மா" என்று அசோகன் கத்தினான். "எதுனா ஒண்ணு பண்ணுங்க. லாரி நிக்குது."

அம்மு தீப்பெட்டியைப் புடவைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டு, குனிந்து, துடைப்பத்தை எடுத்தாள். அவன் நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டது.

அவள் கூட்டிக்கொண்டே போனாள். எதிரே மூட்டைக்குக் கீழே வலது பாதம் முழுதாகவும் இடது பாதம் குதிகாலை மட்டும் ஊன்றியும் பருப்பை மிதித்துக்கொண்டு வந்தன. வழிவிட்டாள்.