சேர்ந்து வேர்த்தவர்கள்

சித்திரை வெயிலில் மதுரையே வெந்துகொண்டிருக்கும்போது, காசு கொடுத்து நீராவிக்குள் போய் உட்காருகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். சின்னச்சாமிக்கு எரிச்சல் வந்தது. அலங்காநல்லூர் வயலில் முப்பத்தைந்து வருஷமாக ஓசியிலேயே வெந்தவர் அவர். தல்லாகுளத்துச் சந்து ஒன்றில், 'பான்யா - ரஷ்ய நீராவிக் குளியல்' என்று எழுதிய போர்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

வந்த காரியம் அப்படி. மகள் மீனா ரஷ்யாவுக்கு டாக்டர் படிப்புக்குப் போனவள், படிப்போடு அந்தோன் என்ற பையனையும் மனசில் முடிந்துகொண்டு திரும்பியிருந்தாள். பின்னாலேயே பையனும், அவனுடைய அப்பா செர்கெய்யும் பெண் கேட்டு விமானம் ஏறி வந்துவிட்டார்கள். மனைவி ரெங்கம்மாள் அந்தப் பையனுக்கு இரண்டு நாள் இட்லி எடுத்து வைத்தாள், மூன்றாம் நாள் சம்மதித்துவிட்டாள். சின்னச்சாமி மட்டும் மசியவில்லை. சொந்தபந்தம் பேசுமே என்பது அவர் வெளியே சொன்ன காரணம். உள்ளே கிடந்தது பனி. மீனா ஒருமுறை வீடியோவில் காட்டியபோது ஜன்னல் பாதி வரைக்கும் ஏறிக் கிடந்ததே, அந்தப் பனி. ஆறு வருஷம்தானே, படிப்பு முடிந்தால் வந்துவிடுவாள் என்று அப்போது பல்லைக் கடித்துக்கொண்டார். ஆயுசுக்கும் பெண்ணை அதற்குள் அனுப்பிவிட்டு இங்கே எப்படி நிம்மதியாகச் சோறு தின்பது?

ஆகவே முடியாது என்று சொல்லத்தான் கிளம்பி வந்திருந்தார். பெரிய காரியம் பேசுவதற்கு முன்னால் சேர்ந்து உட்கார்ந்து வேர்க்க வேண்டும் என்பது செர்கெய் வீட்டு வழக்கமாம். சரி, அந்த மரியாதையையாவது செய்துவிடுவோம் என்று ஒத்துக்கொண்டார். மற்றபடி அவர் மனசு முடிவாகிவிட்டது.

குளியலை நடத்துகிற மருது, பதினொரு வருஷம் ரஷ்யாவில் ஓட்டல் வேலை பார்த்து வந்தவன். அவனை வாசலிலேயே ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, பொண்ணு குடுக்க முடியாதுன்னு சொல்லப் போறேன். அந்த மனுசன் மனசு நோகாம நீதான் அவுக பாஷையில சொல்லிரணும்."

"சொல்லிருவோம்ணே. மொத உள்ள வாங்க. துண்ட நனைச்சுத் தலையில கட்டிக்கங்க, இல்லைன்னா மண்டை காய்ஞ்சிரும்."

உள்ளே சுவர், தரை, கூரை எல்லாம் மரப்பலகை. மூலையில் ஆளுயரச் செங்கல் அடுப்பு, அதன் வயிற்றுக்குள் குண்டு குண்டான கற்கள். மேல் பலகையில் செர்கெய் இடுப்புத் துண்டோடு, கதவை அடைக்கும் அளவு ஆகிருதியாக உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் கும்பிட்டு, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். மருது வெட்டிவேர் ஊறிய தண்ணீரை ஒரு கரண்டி மொண்டு கல்லின் மேல் வீசினான்.

சுர்ரென்று ஒரு சத்தம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மூச்சு நேரம் கழித்து, கூரையிலிருந்து சூடு இறங்கியது.

சின்னச்சாமிக்குத் தெரியாத சூடு இல்லை. கரும்புப் பாகு கொதிக்கும் கொப்பரை ஓரம் நின்றிருக்கிறார், நெல் அவித்திருக்கிறார், வைகாசி வெயிலில் வரப்பு வெட்டியிருக்கிறார். அந்தச் சூடெல்லாம் மனுஷனை விரட்டுகிற சூடு. இது தோளில் கை போட்டு உட்கார வைத்தது. வெட்டிவேர் வாசம் நெஞ்சுக்குள் போய் ஒவ்வொரு மூலையாகத் திறந்தது. வேர்க்கும் என்றே அவர் நினைத்திராத இடங்களில் எல்லாம், முழங்காலில், காது மடலில், வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. ஆத்தாடி, இம்புட்டு நாளும் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலா இருந்தோம் என்று மலைத்துப் போனார்.

அந்த நேரத்தில்தான் செர்கெய் எழுந்து, வாளிக்குள் ஊறிக் கிடந்த வேப்பங்கொத்தை எடுத்து உதறினார். சின்னச்சாமியின் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

"ஏய்!" என்று துள்ளி எழுந்துவிட்டார் சின்னச்சாமி. "எனக்கென்ன பேயா பிடிச்சிருக்கு? வேப்பில அடிக்கிறாரு?"

அவர் ஊரில் கோயில் பூசாரிதான் வேப்பிலையால் அடிப்பார், அதுவும் பேய் பிடித்தவர்களை. பெண் தர மாட்டேன் என்பது தெரிந்துபோய், புத்தி பேதலித்தவன் என்று முடிவு கட்டிவிட்டாரா இந்த ஆள்? கதவை நோக்கி நடந்தேவிட்டார். மருது சிரிப்பை அடக்க முடியாமல் குறுக்கே வந்தான்.

"அண்ணே, அண்ணே! அங்க வேற மரத்து எலைல கட்டுவாங்க. இங்க அது கெடைக்கல, நான்தான் வேப்பங்கொத்து கட்டி வச்சேன். வலி போறதுக்கு அடிக்கிறதுணே. வேண்டப்பட்டவங்களுக்குத்தான் அடிப்பாங்க."

செர்கெய் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் முகம் வாடி நின்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். கொத்தை சின்னச்சாமியின் கையில் கொடுத்துவிட்டு, பலகையில் குப்புறப் படுத்து, தன் முதுகைக் காட்டினார்.

வீடு தேடி வந்தவரை அடிப்பதா? சின்னச்சாமிக்குக் கை கூசியது. முதலில் சும்மா தடவினார். "ம்ம்," என்று அதட்டல் வந்தது. கொஞ்சம் ஓங்கினார். மண்வெட்டி பிடித்த கை அல்லவா, நாலாவது அடியில் பதம் பிடிபட்டுவிட்டது. அந்தப் பெரிய முதுகு சிவந்து, தளர்ந்து, குழந்தையின் முதுகாகக் கிடந்தது. பிறகு கொத்தை செர்கெய்யிடம் கொடுத்துவிட்டு, சின்னச்சாமி தானே படுத்துக்கொண்டார். தோளிலிருந்து இடுப்பு வரை இலை மழையாக விழ, முப்பத்தைந்து வருஷத்து உழைப்பின் வலி கழன்று போனது. அப்படி ஒரு சுகத்தை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

வெளியே இருந்த தொட்டியில் ஐஸ் கட்டி மிதந்தது. இரண்டு பேரும் குதித்தார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சுக்குக் காப்பி குடித்து பெஞ்சில் சாய்ந்த சின்னச்சாமி, முடியாது என்ற வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கும்போதே தூங்கிப் போனார்.

கண் விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செர்கெய் தலைமாட்டில் உட்கார்ந்து, துண்டை வீசி அவர் மேல் ஈ உட்காராமல் விரட்டிக்கொண்டிருந்தார்.

சின்னச்சாமி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"மருது, அவுக வீட்டுலயும் இந்த மாதிரி இருக்கான்னு கேளு."

மருது கேட்டான். செர்கெய் கைகளை விரித்து நீளமாகப் பேசினார்.

"வீட்டுக்குப் பின்னாடியே இருக்காம்ணே. அவுக தாத்தா கட்டுனதாம். எம்புட்டுப் பனி பேஞ்சாலும் உள்ள வெதுவெதுன்னு இருக்குமாம். அந்தக் காலத்துல வீட்டுப் பொம்பளைகளுக்கு வலி கண்டா அங்கதான் கூட்டிட்டுப் போவாங்களாம். அவுக அப்பா அதுக்குள்ளதான் பொறந்தாராம்."

ஜன்னல் வரைக்கும் ஏறிய அந்தப் பனி இன்னும் சின்னச்சாமியின் கண்ணுக்குள் இருந்தது. இப்போது அதன் நடுவில் ஒரு மரவீட்டையும், உள்ளே தீயையும், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் ஒரு தாயையும் பார்த்தார். அந்த மனுஷர்கள் குளிரோடு எத்தனை தலைமுறையாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மருது தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே, நீங்க சொல்லச் சொன்னதச் சொல்லிரவா?"

"பொறு. நான் சொல்றத அப்படியே சொல்லு," என்று எழுந்து உட்கார்ந்தார் சின்னச்சாமி. "அவுக அப்பா அங்க பொறந்தாரு, ரொம்பச் சந்தோசம். ஆனா எம்மகளுக்குத் தலைப்பிரசவம் எங்க வீட்டுலதான். அதுல மட்டும் நான் எறங்கி வரமாட்டேன்னு சொல்லிரு."