ஆளப்போகிறவர்களுக்காக

பஸ் ஓட்டுநருக்கும் அவர் மனைவிக்கும் நடக்கும் ஒரே சண்டை ஜெபமாலை முடியும்போதுதான் வரும். எல்லாருக்காகவும் வேண்டி முடித்த பிறகு, "நாளைக்கு எங்களை ஆளப்போறவங்களுக்காக" என்று மனைவி இன்னும் ஒரு பரலோக மந்திரம் சேர்ப்பாள்.

"இருக்கிறவங்களுக்கு வேண்டியே அலுத்துப்போச்சு. வரப்போறவங்களுக்கு வேற இப்பவே முன்பதிவா?" என்பார் அவர்.

"வந்தப்புறம் திட்டத்தானே போறீங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வேண்டிக்கலாம், முட்டி போடுங்க."

முனகிக்கொண்டே போடுவார். அவளோடு சேர்ந்து முட்டி போடுவது அவருக்குப் பிடிக்கும். அதை மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு அவர் வைத்த பெயர் வெண்கலம். தொண்டை அப்படி. மாடிப்படியில் யார் விளையாடலாம், பந்து யாருக்குச் சொந்தம், எல்லாம் அவள் தீர்ப்புதான்.

ஒரு நாள் மாலை, பழுது பார்த்த தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாமல், எப்போதும் தவிர்க்கும் லிப்டில் அவர் ஏறினார். வெண்கலமும் அவள் தம்பியும் கூடவே ஏறினார்கள். பாதி வழியில் லிப்ட் நின்றது. விளக்கும் அணைந்தது.

அவருக்கு அடைத்த இடம் ஆகாது. மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. மூச்சு வாங்க, சட்டை வியர்வையில் நனைய, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி அழத் தொடங்கினான். வெண்கலம் கதவைத் தட்டிக் குரல் கொடுத்தாள். "ஆள் வருது, பயப்படாதீங்க" என்று கீழேயிருந்து காவலாளி கத்தினார். அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"அழாதடா. மாமா கையைப் பிடிச்சுக்கோ. இப்போ நீதான் அவருக்குத் துணை."

பொறுப்பு வந்ததும் அழுகை நின்றது. பிஞ்சு விரல்கள் அவர் கையைத் தேடிப் பிடித்தன.

"மாமா, உங்க வீட்டுல சாயங்காலம் சொல்வீங்களே, அதைச் சொல்வோமா? சுவர் வழியா கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்."

அவளே தொடங்கினாள். முதலில் அவர் உதடு மட்டும் அசைந்தது. பிறகு குரலும் வந்தது. 'பாவிகளாகிய எங்களுக்காக' என்பதை அவள் 'பாவங்களாகிய எங்களுக்காக' என்றாள். திருத்த அவருக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்துக்கு அதுதான் பொருத்தமாகவும் இருந்தது.

"ஆளப்போறவங்கன்னு சொல்வீங்களே, அது யாரு மாமா?"

"இன்னும் முடிவாகலம்மா."

"யாருன்னு தெரியாமலேவா வேண்டுறீங்க?"

"ஆமாம்மா. நல்லவங்களா வரணுமில்ல?"

"அப்போ இன்னொரு தடவை சொல்வோம்," என்றாள் அவள். சொல்லி முடிப்பதற்குள் அவர் மூச்சு சீராகிவிட்டது.

மெக்கானிக் கதவை நெம்பித் திறந்தபோது, வெண்கலம் தம்பியை முதலில் வெளியே அனுப்பினாள். அடுத்து அவரை. மெஷினைத் தள்ளிக்கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் தான் வந்தாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் அவர் மனைவியிடம் சொன்னார். அவள் துண்டால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"நான் தரையில உட்கார்ந்ததை அந்தப் பிள்ளை ஊரெல்லாம் சொல்லிடுமா?"

"சொல்லாதுங்க."

சொல்லவில்லை. மறுநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது, புத்தகப் பையோடு வெண்கலம் அடிப்படியில் காத்திருந்தாள்.

"லிப்ட் வேணாம் மாமா, நடந்தே போவோம். ஒவ்வொரு மாடியிலயும் நின்னு மூச்சு வாங்கணும், சரியா?"

அவருக்கு மூச்சு வாங்கவேயில்லை. இருந்தும் ஒவ்வொரு மாடியிலும் அவர் நின்றார்.