லேடி மார்ஷம் கிடைத்த வாரம்

கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று வீட்டில் இருந்தவர்கள்: அப்பா சாமுவேல், அம்மா லில்லி, அப்பாவின் அக்கா எஸ்தர் அத்தை, பக்கத்துத் தெரு கோதண்டபாணி, நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டுப் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்த நான். கல்யாணப் பெண்ணான என் தங்கை சுகாசினி முன்னாலேயே சென்னைக்குப் போய்விட்டாள். யாக்கோபு வரவில்லை. அவர் வராமல் நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

யாக்கோபு அப்பாவின் கொள்ளுத் தாத்தா. ரங்கூனுக்குக் கூலி வேலைக்குப் போகிறேன், திரும்பும்போது வீட்டில் ஆள் இருக்கணும் என்று சொல்லிவிட்டு, மதராசில் லேடி மார்ஷம் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். அதற்குப் பிறகு சேதி இல்லை. பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டார் என்று ஊர் பேசியது. எங்கள் வீடு மட்டும் அன்றிலிருந்து ஆளில்லாமல் இருந்ததில்லை. குடிசை ஓட்டு வீடானது, பிறகு தளம் போட்ட வீடானது. வெளியே பூட்டுவதற்குக் கொண்டி மட்டும் யாரும் வைக்கவில்லை. மாலை ஜெபத்தில் கப்பலின் பெயரும் வரும்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் எல்லாரும் வெளியூர். வீட்டிலேயே உட்கார்ந்து தறிக்காரர்களுக்கு ராட்டினத்தில் நூல் தார் சுற்றிக் கொடுத்தாள். எப்போதும் ஆள் இருக்கும் வீடு என்பதால் தெருவே சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவர் ஆணிகளில் சாவிகள், ராட்டினச் சத்தம், தட்டில் சோறு. இன்றைக்கும் ராட்டினச் சத்தம் கேட்டால் எனக்குப் பசிக்கிறது. ஷிப்ட் முடிந்து வரும்போதும் கதவு திறந்துதான் இருக்கும். வேலையை ஏன் விட்டாய் என்று கேட்காத ஒரே ஆள் அத்தை.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்தையும் அவள் பார்த்ததில்லை. சுகாசினியை வளர்த்தது அவள்தான். அந்தக் கல்யாணத்துக்கும் அத்தை போவதாயில்லை. நான் வீட்டில் இருக்கிறேன் என்றேன். பெண்ணுக்கு அண்ணன் இல்லாமல் கல்யாணமா என்று திட்டினாள்.

அந்த வாரம்தான் கப்பல் கிடைத்தது. கடலடியில் கேபிள் போட அளவெடுத்தவர்கள் மசூலிப்பட்டினத்துக்கு நேரே கண்டுபிடித்திருந்தார்கள். கப்பலின் மணியில் பெயர் இருந்ததாம். போனில் வந்த வீடியோவை அத்தைக்குக் காட்டினேன். சேறு, துரு, ஒரு படிக்கட்டு, மீன்கள். திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

"மசூலிப்பட்டினம் எங்க இருக்குது?"

"ஆந்திரால. ரங்கூன் பக்கமே போகல அத்த."

"அப்ப பர்மாக்காரி இல்ல."

சிரித்தாளா என்று தெரியவில்லை.

இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை, கிளம்பு என்றார் அப்பா. கிளம்பும் நாளில் தெருக்காரர்களின் சாவிகளை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தை பட்டுப்புடவை கட்டினாள். கட்டியவள் ராட்டினத்தின் முன் போய் உட்கார்ந்துவிட்டாள். முழுகின கப்பலிலிருந்து ஒருத்தர் நீந்திக் கரையேறியிருந்தால் என்று கேட்டாள். அப்பாவுக்குக் கோபம் வந்தது. அப்படியே ஏறியிருந்தாலும் இப்போது வயசு நூற்று ஐம்பதைத் தாண்டும் என்றேன். வயசை நான் கேட்கவில்லை என்றாள். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். வாசலில் நின்றிருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தன் சாவியை வாங்கிப்போக வந்திருந்த கோதண்டபாணி வெளியே போனார். திரும்பும்போது கையில் ஒரு கொண்டி, ஸ்க்ரூ, பூட்டு. கதவில் அவரே முடுக்கினார். பிறகு அத்தையின் முன்னால் கையை நீட்டினார்.

"முப்பது வருஷமா என் சாவி உங்கிட்டதானேமா இருந்துச்சு. ஒரு நாளு உன் சாவி எங்கிட்ட இருக்கட்டும். அவரு வந்தாருன்னா நான் தொறந்து வுடறேன்."

அத்தை ராட்டினத்திலிருந்து கையை எடுத்தாள்.

"சோறு போடுவீங்களாண்ணா?"

"போடறம்மா."

"மீன் வேணாம்."

எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டினாள். நான் கதவைச் சாத்திக் கொண்டியில் பூட்டை மாட்டினேன். சாவியைக் கோதண்டபாணியிடம் கொடுத்தேன்.

"இழுத்துப் பாரு விக்ரம்," என்றாள், திரும்பாமல்.

இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது.