மாப்பிள்ளை நெற்றியில் சிஇ முத்திரை

கரடி பொம்மைக் கம்பெனி முதலாளியுடைய மாப்பிள்ளையின் நெற்றியில் ஒரு திங்கட்கிழமை காலை ஐரோப்பாவுக்குப் போகும் பொம்மைகளில் குத்தும் சிஇ பாதுகாப்பு முத்திரை முளைத்தது. ஐந்து மில்லிமீட்டர் உயரம், அழியாத மை. ஐரோப்பியச் சட்டம் கேட்பதும் அதேதான். மண்ணெண்ணெய், தின்னர் எதற்கும் போகவில்லை. தொழிலாளிகள் யாரும் வாய் பிளக்கவில்லை, அங்கே கண்ணில் பட்டதற்கெல்லாம் முத்திரை குத்துவதுதான் வழக்கம். பொம்மையைச் சோதித்துவிட்டு முத்திரை போடு என்பது ஐரோப்பாக்காரன் ஏற்பாடு. முதலில் முத்திரை, சோதனை அப்புறம் என்பது மாமனார் ஏற்பாடு. அந்த அப்புறம் வந்ததே இல்லை. இது பாதுகாப்பானது, நானே பொறுப்பு என்ற உறுதிமொழியில் மாப்பிள்ளை படிக்காமலே கையெழுத்துப் போட்டுவந்தார். முதலாளி வீட்டு மாப்பிள்ளைக்கு வேறென்ன வேலை?

அடுத்த மாதம் கழுத்தில் தயாரிப்பாளர் முகவரி வந்தது. அவருடைய அம்மா வீட்டு முகவரி; குறை சொல்ல எங்கே போவது என்பது மனைவிக்கு அதில் தெளிவாயிற்று. பிறகு மார்பில் எச்சரிக்கை வந்தபோதுதான் வீடு கலங்கியது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. மகளுக்கு அப்போது இரண்டு வயது. மனைவி குழந்தையை அவர் மடியிலிருந்து வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள்.

"என்னடி இது, நான் அவ அப்பா!"

"எழுதியிருக்கே. சும்மாவா எழுதுவாங்க?"

"கம்பெனில நாங்க சும்மாதானே எழுதுறோம்!" என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை அப்பா அப்பா என்று அழுதது. மனுஷனால் தாங்க முடியவில்லை. நேரே கிடங்குக்குப் போய் ஒரு கரடியின் கண்ணை இழுத்தார்; கையோடு வந்தது. இன்னொன்றை இழுத்தார், அதுவும் வந்தது. வாசலில் கண்டெய்னர் காத்திருந்தது. "கையெழுத்துப் போட மாட்டேன் மாமா, இது குழந்தை தொண்டைல சிக்கும்" என்றார். "எவன் வீட்டுக் குழந்தையோ, நமக்கென்ன?" என்று மாமனார் தாமே போட்டார். பேனாவை மூடுவதற்குள் அவருடைய வழுக்கையில் முத்திரை எழும்பியது, கூடவே எச்சரிக்கையும்.

ஐரோப்பியத் துறைமுகத்தில் கண் கழன்று வருவதைப் பார்த்துக் கரடிகளைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போதெல்லாம் ஒவ்வொரு கண்ணையும் இழுத்துப் பார்த்த பிறகே மாப்பிள்ளை முத்திரை போட விடுகிறார். அவர் மேல் எழுதியது மட்டும் அழியவில்லை. மகளுக்கு மூன்று வயது நிறைந்த அன்று மனைவி அவர் மார்பை இன்னொரு தடவை படித்துவிட்டு, குழந்தையை மடியில் உட்கார வைத்தாள். அவர் விக்கி விக்கி அழுதார். தாத்தாவும் ஆசையோடு கையை நீட்டினார். மனைவி தன் அப்பாவின் தலையைக் குனியச் சொல்லிப் படித்தாள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று மட்டும் இருந்தது; அதில் வயது வரம்பு எதுவும் இல்லை.

"போட்டிருக்கேப்பா" என்றாள்.

"சரிதான்" என்று தாத்தா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார்.